உங்க ஊர் வரலாறை ஆன்லைன்ல தேடணுமா? முதல்ல ஊரோட பழைய பேரைப் பிடிங்க

ஊர் வரலாறு எழுதணும்னு ஆசைப்படுற நிறைய பேரு கூகுள்ல ஊர் பேரை அடிச்சுப் பார்ப்பாங்க, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்ச அதே நாலு வரி பத்து இடத்துல வரும், சரி எங்க ஊரைப் பத்தி ஒண்ணுமே இல்ல போலன்னு விட்டுடுவாங்க. இருக்குங்க. கல்வெட்டு, சென்சஸ் கணக்கு, கலெக்டர் எழுதின ரிப்போர்ட், பழைய பத்திரிகை, போட்டோ, மேப்புன்னு ஏகப்பட்டது ஸ்கேன் பண்ணி இலவசமாவே கிடக்கு. ஆனா அதை எழுதினவங்க உங்க ஊரை என்ன பேருல, என்ன ஸ்பெல்லிங்ல, எந்த ஜில்லாவுல சேர்த்து எழுதினாங்களோ அதே மாதிரி தேடினாத்தான் கைக்கு வரும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஒரு உதாரணம் பாருங்க, அம்பாசமுத்திரம். அந்த ஊர்ல கிடைச்ச வரகுண பாண்டியன் கல்வெட்டு ரொம்ப முக்கியமானது, எபிகிராஃபியா இண்டிகாங்கற கல்வெட்டு வெளியீட்டோட 9-ம் தொகுதியில முழுசா அச்சாகியிருக்கு, பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்குற ஆர்கைவ் டாட் ஓஆர்ஜி சைட்ல அந்தத் தொகுதி ஓசியில படிக்கலாம். ஆனா கல்வெட்டு உள்ள போய் அம்பாசமுத்திரம்னு தேடினா வராது, ஏன்னா அப்போ ஊர் பேரு இளங்கோய்க்குடி, முள்ளிநாட்டுல இருந்த ஊர். அதே ஊர் வெள்ளைக்காரன் காலத்து ஆவணத்துல டின்னவெல்லி, அதாவது திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ள வரும். அப்போ ஒரே ஊருக்கு நீங்க மூணு விதமா தேடணும். இன்னைக்கு இருக்குற பேரை மட்டும் வெச்சுத் தேடுனா ஆயிரம் வருஷத்துல கடைசி எழுபது வருஷம்தான் மாட்டும்.

அதனால எதையும் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து பேரு லிஸ்ட் போடுங்க. திருநெல்வேலிக்கு பழைய இங்கிலீஷ் ஸ்பெல்லிங் டி, ஐ, ரெண்டு என், இ, வி, இ, ரெண்டு எல், ஒய். தஞ்சாவூர் டேஞ்சூர், திருச்சி டிரிச்சினாபொலி, காஞ்சிபுரம் காஞ்சீவரம், செங்கல்பட்டு சிங்கிள்புட், மதுரைக்கு கடைசியில ஐ இல்லாம மதுரா. சின்ன ஊரா இருந்தா இன்னும் கஷ்டம், எழுதின கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பாரு, அதனால "புரம்"-ல ஏ போட்டு ஒரு தடவை, யு போட்டு ஒரு தடவை, "பட்டி"யை ஒரு டி-யோட ஒரு தடவை ரெண்டு டி-யோட ஒரு தடவைன்னு எல்லாத்தையும் தட்டிப் பாருங்க.

அடுத்து ஜில்லா. இது தெரியாமதான் நிறைய பேரு தப்பான புத்தகத்துல மாசக்கணக்கா தேடுறாங்க. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்னா 1910-க்கு முன்னாடி எல்லாம் டின்னவெல்லி ஜில்லாவுலதான் இருக்கும், 1910-லதான் ராம்நாடு ஜில்லா வந்துச்சு. திண்டுக்கல் 1985 வரைக்கும் மதுரை, ஈரோடு 1979 வரைக்கும் கோயம்புத்தூர், தர்மபுரி 1965 வரைக்கும் சேலம். கன்னியாகுமரிக்காரங்க சென்னை ஆவணத்துல தேடிப் பிரயோஜனம் இல்ல, 1956 நவம்பர் 1 வரைக்கும் நீங்க திருவிதாங்கூர் பக்கம், நாகம் ஐயா 1906-ல கொண்டு வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்ங்கற அரசாங்க விவரப் புத்தகத்துலேர்ந்து ஆரம்பிங்க. புதுக்கோட்டை 1948 வரைக்கும் தனி சமஸ்தானம், அதுக்குன்னு தனி மேனுவல், தனி கல்வெட்டுத் தொகுப்பே இருக்கு.

லிஸ்ட் ரெடியாச்சுன்னா முதல்ல திறக்க வேண்டியது ஜில்லா மேனுவலும் கெசட்டியரும், ரெண்டுமே ஜில்லாவைப் பத்தி அரசாங்கம் போட்ட விவரப் புத்தகங்கள். மதுரைக்கு நெல்சன் 1868-ல எழுதினது, திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் 1879, சேலத்துக்கு லெ ஃபானு 1883, கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் 1887. அப்புறம் வந்த கெசட்டியர்ல மதுரைக்கும் தென்னாற்காட்டுக்கும் ஃபிரான்சிஸ் 1906, தஞ்சாவூருக்கு ஹெமிங்வே அதே 1906, திருநெல்வேலிக்கு பேட் 1917. எல்லாமே ஆர்கைவ் டாட் ஓஆர்ஜி-யில கிடைக்கும். சுருக்கமா ஒரு ஊரைப் பத்தி தெரிஞ்சுக்கணும்னா சிகாகோ யுனிவர்சிட்டியோட டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரியில இம்பீரியல் கெசட்டியர் 26 வால்யூமும் இருக்கு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, மேனுவல் எழுதினவங்க எல்லாம் கலெக்டர் ஆபீஸ் ஆளுங்க, வரி வசூலும் நிர்வாகமும்தான் அவங்க கண்ணுல முதல்ல தெரியும், ஜாதியைப் பத்தி அவங்க எழுதியிருக்குற சில பக்கங்களைப் படிச்சா ரத்தம் கொதிக்கும். அதை அப்படியே எடுத்து "வரலாறு இப்படித்தான்"னு போட்டுடாதீங்க, இந்த வருஷத்துல இந்த அதிகாரி இப்படி எழுதினாருன்னு சொல்லுங்க. எனக்கு மேனுவல்ல ரொம்பப் பிடிச்சது அதோட அடிக்குறிப்புதான், எந்தக் கடிதத்துலேர்ந்து எடுத்தேன், என்ன தேதின்னு அதுல வழி போட்டு வெச்சிருப்பாங்க.

ஆர்கைவ் டாட் ஓஆர்ஜி-யில தேடறதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு. சும்மா தேடினா அது புத்தகத் தலைப்பையும் விவரத்தையும் மட்டும்தான் பார்க்கும், புத்தகத்துக்கு உள்ள போகாது. தேடல் பெட்டியில டெக்ஸ்ட் கன்டென்ட்ஸ்னு ஒரு ஆப்ஷன் வரும், அதை மாத்திட்டு ஊர் பேரைப் போடுங்க, நீங்க கேள்வியே பட்டிருக்காத ரயில்வே ரிப்போர்ட்ல, மிஷனரி பத்திரிகையில எல்லாம் உங்க ஊர் வந்து நிக்கும். ஆனா தமிழ்ப் புத்தகத்துக்கு இதை நம்பாதீங்க. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி அச்சான ணா, றா, லை, னை எல்லாம் வேற வடிவம், மெஷின் அதைப் படிக்கும்போது கண்டபடி மாத்திடும். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவுலேர்ந்து அங்க ஏத்தின தமிழ்ப் புத்தகங்கள்ல தலைப்பையே இங்கிலீஷ் எழுத்துல ஏனோதானோன்னு அடிச்சிருக்காங்க, அதனால ழ-வுக்கு எல் போட்டும் இசட் போட்டும் தேடணும், ஆசிரியர் பேரை வெச்சும் ஒரு சுத்து சுத்தணும்.

தமிழ் மூலத்துக்கு முதல் இடம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம். பழைய நூல், இதழ், ஓலைச்சுவடி, கல்வெட்டுன்னு நிறைய இருக்கு, தமிழ்லயே தேடலாம். சென்னை தரமணியில இருக்குற ரோஜா முத்தையா நூலகத்தோட கேட்டலாக்கும் பாருங்க, கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வெச்ச சேகரிப்பை வெச்சு 1994-ல ஆரம்பிச்சது, ஸ்தலபுராணத்துலேர்ந்து நாடக நோட்டீஸ் வரைக்கும் இருக்கு, எல்லாம் ஆன்லைன்ல படிக்கக் கிடைக்காட்டியும் என்ன இருக்குன்னாவது தெரியும். பிரிட்டிஷ் லைப்ரரியோட எண்டேஞ்சர்ட் ஆர்கைவ்ஸ் புரோகிராம்ல தமிழ்நாட்டு விவசாய வரலாறு சம்பந்தமான காகிதங்கள், பழைய ஸ்டுடியோ போட்டோக்கள்னு தனித்தனி தொகுப்பு இருக்கு, தலைப்பை வெச்சு முடிவு பண்ணாம ஒவ்வொண்ணா திறந்து பார்க்கணும். இலங்கைத் தமிழர் ஊர்கள்னா 2005-லேர்ந்து நடக்குற நூலகம் டாட் ஓஆர்ஜி போதும் போதும்ங்கற அளவுக்கு தரும்.

கல்வெட்டுக்கு தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை, ஹூல்ட்ஷ் 1890-ல முதல் தொகுதி கொண்டு வந்தாரு. அதுல உங்க ஊர் இல்லன்னா கைவிட்டுடாதீங்க, தொல்லியல் துறையோட வருடாந்திர கல்வெட்டு அறிக்கை 1887-லேர்ந்து இருக்கு, அதுல ஊர்வாரியா கல்வெட்டு நம்பர், எந்த அரசன், ரெண்டு வரி சுருக்கம் கிடைக்கும். முழு வாசகம் இன்னும் அச்சாகாத கல்வெட்டு ஏராளம், சுருக்கத்தை வெச்சே உங்க கோயில்ல நேர்ல போய் எந்தச் சுவர்னு பார்த்துடலாம்.

இனி நிறைய பேரு கண்டுக்காத ஒண்ணு, சென்சஸ். 1871 கணக்கெடுப்புலேர்ந்து பழைய வால்யூம்கள் சென்சஸ் டிபார்ட்மென்ட் சைட்லயும் ஆர்கைவ்லயும் இருக்கு. 1951-லேர்ந்து ஜில்லா சென்சஸ் ஹேண்ட்புக் வருது, கிராமம் கிராமமா ஜனத்தொகை இருக்கும். ஆனா பொக்கிஷம் 1961 தான். அந்த வருஷம் சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்து வீடு வீடா போய் தனித்தனிப் புத்தகமே எழுதினாங்க, வீட்டுக் கூரை என்ன, என்ன தொழில், என்ன கடன்னு எல்லாம் இருக்கும். அதோட திருவிழாக்கள் பத்தி ஒரு தொகுதி, கோயில்கள் பத்தி ஒரு வரிசை. உங்க ஊர் அம்மன் கொடை 1961-ல எந்த மாசம் நடந்துச்சுன்னு அரசாங்கமே எழுதி வெச்சிருக்க வாய்ப்பு இருக்குங்க, அதை ஒரு தடவை பார்த்துட்டு சொல்லுங்க.

டெல்லி நேஷனல் ஆர்கைவ்ஸ் ஃபைல்களுக்கு அபிலேக் படல்னு ஒரு போர்ட்டல், ரிஜிஸ்டர் பண்ணிட்டு உள்ள போகணும். அங்க ஊர் பேரை விட டிபார்ட்மென்ட், வருஷம், விஷயம்னு தேடறதுதான் பலன் தரும், உப்பு சத்தியாகிரகம்னா ஹோம் டிபார்ட்மென்ட் பொலிட்டிக்கல்னு போட்டு 1930-ஐத் தேர்ந்தெடுங்க. பழைய தமிழ்ப் பத்திரிகை கிடைக்காட்டி ஒரு மாத்து வழி உண்டு. பத்திரிகைகள்ல என்ன வருதுன்னு கண்காணிக்க சென்னை அரசாங்கம் வாரா வாரம் இங்கிலீஷ்ல சுருக்கம் எழுதி வெச்சுது, நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ்னு பேரு. 1882-ல ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆரம்பிச்ச சுதேசமித்திரன்ல உங்க ஊர் குளத்தைப் பத்தி வந்த புகார் கூட அதுல சிக்கலாம், ஆனா மொழிபெயர்த்தது அரசாங்க ஆளு, அதை மறந்துடாதீங்க.

கடலோர ஊர்க்காரங்க இங்கிலீஷ்லயே நிக்காதீங்க. நாகப்பட்டினம், பழவேற்காடு, தூத்துக்குடின்னா டச்சுக்காரங்க, ஹேக்ல இருக்குற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல டச்சுக் கம்பெனி ஆவணங்கள் ஸ்கேன் ஆகியிருக்கு. தரங்கம்பாடின்னா டேனிஷ் ஆர்கைவ்ஸ், அதோட 1706-ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்ததுக்கு அப்புறம் இங்கேர்ந்து போன மிஷனரி ரிப்போர்ட்டுகள் ஜெர்மனி ஹாலேயில. பாண்டிச்சேரி, காரைக்கால்னா பிரெஞ்சு தேசிய நூலகத்தோட காலிகாங்கற ஆன்லைன் நூலகம், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்போட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 12 தொகுதி ஆர்கைவ் டாட் ஓஆர்ஜி-யிலயே இருக்கு. பாஷை தெரியலன்னா பரவாயில்ல, ஊர் பேரும் தேதியும் கண்ணுல பட்டா போதும், மத்ததை டிரான்ஸ்லேட்டர்ல போட்டு தடம் பிடிச்சுடலாம்.

தேதின்னதும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. எங்க தாத்தா பெட்டியில கிடந்த பத்திரத்துல "கொல்லம் 1068 நந்தன ௵ கார்த்திகை ௴"ன்னு இருந்துச்சு. அந்தக் குறிகள் வருஷம், மாசம்னு அர்த்தம், ௳ போட்டா நாள், ௸ போட்டா மேற்படி. நந்தன மட்டும் இருந்திருந்தா 1832-ஆ, 1892-ஆ, 1952-ஆன்னு தெரியாது, அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வருமே. கொல்லம்ங்கறது கேரளாவுலயும் தென்கோடி தமிழ்நாட்டுலயும் புழங்கின ஆண்டுக் கணக்கு, அதோட 824 கூட்டினா ஆவணியிலேர்ந்து மார்கழி பாதி வரைக்கும் சரியா வரும், அதுக்கு மேல 825. 1068-ஓட 824, ஆக 1892. ரெண்டும் ஒத்துப் போச்சு, தேதி உறுதி. பசலின்னு (நில வரிக் கணக்குக்கான ஆண்டு) இருந்தா 590 கூட்டுங்க, சக ஆண்டுன்னா 78. இந்த மூணு நம்பரையும் அந்தப் பேர் லிஸ்ட் பேப்பர்லயே எழுதி வெச்சுக்கோங்க.

கிடைச்சதை எல்லாம் டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க, சைட் எப்போ இருக்கும் எப்போ போகும்னு சொல்ல முடியாது. ஃபைல் பேருல புத்தகப் பேர், வருஷம், பக்க நம்பர் போடுங்க, அச்சுல இருக்குற பக்க நம்பரைத்தான் போடணும், ஸ்கேன் நம்பர் வேற அது வேற. தலைப்புப் பக்கத்தை தனியா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க, நான் ஆரம்பத்துல அதை எடுக்காம விட்டு அருமையான ஒரு நில ரிப்போர்ட் பக்கம் எந்தப் புத்தகத்துதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாம கையில வெச்சுட்டு நிக்கிறேன்.

எவ்வளவு தேடியும் அடிக்குறிப்புல சொன்ன அந்தக் கடிதமோ அரசாணையோ ஆன்லைன்ல வரலன்னா, அது பெரும்பாலும் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல காகிதமா இருக்கும். அங்க போய் "எங்க ஊரைப் பத்தி ஏதாவது இருக்கா"ன்னு கேட்டா யாராலயும் எடுத்துக் குடுக்க முடியாது. டிபார்ட்மென்ட், ஜி.ஓ. (அரசாணை) நம்பர், தேதி, இந்த மூணையும் ஆன்லைன்லயே கண்டுபிடிச்சு எழுதிட்டுப் போங்க, காகிதக் கட்டை எடுத்து மேஜையில வெப்பாங்க.