நோட்டீஸ் வந்த அப்புறம் பண்ற தப்புதான் ஸ்டூடன்ட்டை கவுக்குது

யுனிவர்சிட்டில ஒரு ஸ்டூடன்ட் மேல ஒழுங்கு நடவடிக்கைனு சொன்னாலே எல்லாருக்கும் சட்டுனு ஞாபகம் வர்றது டிஸ்மிஸ்தான். ஆனா அது கடைசி. அதுக்கு முன்னாடி எழுத்துல வார்னிங், ஃபைன், அந்த அசைன்மென்ட்டுக்கு ஜீரோ, பேப்பர் கேன்சல், ஹாஸ்டல்ல இருந்து வெளிய அனுப்புறது, பரீட்சை எழுத விடாம டிபார் பண்றது, ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ சஸ்பென்ஷன்னு நெறைய படி இருக்கு. நான் படிக்கும்போது கொஞ்ச நாள் ஸ்டூடன்ட் ரெப்பா இருந்தேன், என்கொயரிக்கு போற பசங்களுக்கு துணையா போய் பக்கத்துல உக்காந்திருக்கேன். அதுல பாத்ததை வச்சு சொல்றேன், வார்னிங்கோட முடிஞ்சிருக்க வேண்டிய கேஸ் நோட்டீஸ் கைக்கு வந்த அப்புறம் பண்ண கூத்தால சஸ்பென்ஷன்ல போய் நின்னதுதான் நான் அதிகமா பாத்தது.

முதல் கூத்து, மெயிலை தொறக்காம இருக்கறது. பயம்தான் காரணம், புரியுது, சப்ஜெக்ட் லைன்ல "ஒழுங்கு விசாரணை"னு பாத்ததும் வயித்தை கலக்கும், நாளைக்கு பாத்துக்கலாம்னு மூடி வச்சிடுவாங்க. ஆனா பதில் சொல்ற கெடு நீங்க படிச்ச நாள்ல இருந்து எண்ண மாட்டாங்க, பெரும்பாலும் அவங்க அனுப்பின நாள்ல இருந்துதான். அஞ்சு நாளோ ஏழு நாளோ தான் இருக்கும். நீங்க வரலனா விசாரணை கமிட்டி உங்களுக்காக காத்திருக்காது, நீங்க இல்லாமலே முடிவெடுக்கலாம்னு ரூல்புக்ல பெரும்பாலும் இருக்கும். உடம்பு சரியில்ல, பரீட்சை இருக்கு, ஆதாரம் சேக்கணும், எதுவா இருந்தாலும் கெடு முடியறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வரி மெயில் போட்டு டைம் கேளுங்க. முன்னாடி கேட்டா பொதுவா குடுத்துடுவாங்க. முடிஞ்ச அப்புறம் கேட்டா அது சாக்கு மாதிரி தெரியும்.

அடுத்தது, குற்றச்சாட்டு என்னனே படிக்காம பதில் எழுதறது. நோட்டீஸ்ல எந்த விதியை மீறினீங்கனு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, போடலனா கேட்டு வாங்குங்க. ஒரு பையனுக்கு வந்த நோட்டீஸ் பரீட்சை ஹாலுக்குள்ள ஃபோன் வச்சிருந்தான்னு மட்டும்தான். காப்பி அடிச்சதா அதுல ஒரு வார்த்தை இல்ல. இவன் பதட்டத்துல ரெண்டு பக்கம் எழுதினான், "நான் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும்தான் பாத்தேன்"னு! இப்ப ஒண்ணு ரெண்டாச்சு. கேட்டதுக்கு பதில் சொல்லுங்க, பொய் சொல்லாதீங்க, அதுக்காக கேக்காத கதையெல்லாம் கொண்டு போய் கொட்டவும் வேண்டாம்.

"அவங்ககிட்ட ப்ரூஃப் இல்ல, ஒண்ணும் பண்ண முடியாது" அப்படினு கூட இருக்கற ஃப்ரெண்ட்ஸ் உசுப்பேத்துவாங்க பாருங்க, அதை நம்பி போறது இன்னொரு பெரிய தப்பு. இது கிரிமினல் கோர்ட் இல்ல. அங்க சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், இங்க பெரும்பாலான யுனிவர்சிட்டில "நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காம இருக்க வாய்ப்பு அதிகமா"னு எடை போட்டு பாத்தாலே போதும். அதனாலதான் போலீஸ் கேஸ்ல விடுதலையான ஆளுக்கும் உள்விசாரணைல தண்டனை கிடைக்கறது நடக்குது, ரெண்டும் வேற வேற தராசு. கேமரா இல்ல, நேர்ல பாத்த சாட்சி இல்லனு கை கட்டிட்டு உக்காந்திருந்தா, எதிர்ல இருக்கறவங்க சொன்ன கதை மட்டும்தான் மேஜை மேல இருக்கும்.

இப்ப முக்கியமானதுக்கு வரேன். ஃபோன்ல இருக்கற சாட் மெசேஜை அழிக்கறது, புகார் குடுத்த பொண்ணுக்கோ பையனுக்கோ மெசேஜ் பண்றது, சாட்சி சொல்லப் போறவனை கேன்டீன்ல புடிச்சு "நீ பாத்தேன்னு சொல்லாத மச்சி"ங்கறது. இது மூணுமே பல ரூல்புக்ல தனி குற்றம், சில எடத்துல மூல குற்றத்தை விட கனமான குற்றம். சண்டைல ஒருத்தனை தள்ளி விட்டதுக்கு வார்னிங் குடுத்து விட்டிருப்பாங்க, அவன் ரூமுக்கு போய் கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்குனு நின்னா அது மிரட்டல். நீங்க "மன்னிப்பு கேக்கதான் போனேன்"னு சொல்லுவீங்க, உண்மையாவும் இருக்கலாம், ஆனா கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கு அது எப்படி தெரியும்? தொடர்பு கொள்ளக்கூடாதுனு லெட்டர்ல எழுதியிருந்தா ஃப்ரெண்ட் மூலமா தூது விடறதும் தொடர்புதான். அழிச்ச சாட் விஷயத்துல இன்னொரு காமெடி என்னனா, எதிர் ஆளோட ஃபோன்ல பெரும்பாலும் அது அப்படியே இருக்கும், உங்ககிட்ட மட்டும்தான் இருக்காது, அதுல உங்களுக்கு சாதகமா இருந்த நாலு வரியும் சேத்து போயிருக்கும்.

நாலு பேர் சேந்து ஒரே மாதிரி வாக்குமூலம் எழுதி குடுக்கறதும் இந்த ரகம்தான். கமிட்டில இருக்கறவங்க வருஷத்துக்கு நூத்துக்கணக்கான விடைத்தாள் திருத்தறவங்க, ஒரே ஸ்பெல்லிங் மிஸ்டேக் நாலு பேப்பர்ல வந்தா கண்டுபிடிக்க மாட்டாங்களா?

அசைன்மென்ட், தீசிஸ் சம்பந்தப்பட்ட கேஸ்ல பண்ற தப்பு கொஞ்சம் வேற. "சாஃப்ட்வேர்ல பதினஞ்சு பர்சென்ட் தான் காட்டுது, அப்ப நான் சேஃப்"னு நினைக்கறாங்க. டர்னிடின் மாதிரி சாஃப்ட்வேர் காட்டறது வார்த்தை எவ்வளவு ஒத்துப்போகுதுங்கறதை மட்டும்தான், திருட்டா இல்லையாங்கறதை இல்ல. மேற்கோளும் நூல்பட்டியலும் சேந்தே முப்பது பர்சென்ட் வரலாம், அதுல ஒரு தப்பும் இருக்காது. அஞ்சே பர்சென்ட் வந்து அந்த அஞ்சும் அடுத்தவன் கண்டுபிடிப்பா இருந்தா மாட்டினீங்க. இந்தியால யுஜிசி 2018ல போட்ட விதில 10, 40, 60 சதவீதம்னு கோடு போட்டு தண்டனையை பிரிச்சிருக்காங்க, ஆனா அதுலயும் நூல்பட்டியல், உரிய முறைல காட்டின மேற்கோள் இதையெல்லாம் கழிச்சிட்டுதான் கணக்கு. அதனால நம்பரை வச்சு வாதாடாதீங்க, எந்த வரி எங்க இருந்து வந்துச்சுனு வரி வரியா விளக்குங்க.

ஏஐ வச்சு எழுதினதா குற்றச்சாட்டு வந்தா இது இன்னும் முக்கியம். சாட்ஜிபிடியை செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரில ஏஐ எழுத்தை கண்டுபிடிக்கற ஒரு டிடெக்டர் விட்டாங்க, ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தைதான் சரியா புடிச்சுது, மனுஷன் எழுதினதுலயே 9 சதவீதத்தை ஏஐனு சொல்லுச்சு, துல்லியம் பத்தலனு அதே வருஷம் ஜூலைல மூடிட்டாங்க. செஞ்சவங்களுக்கே அந்த நிலைமை. அதுக்காக "டிடெக்டர் தப்பு" அப்படினு மட்டும் கத்திட்டு வந்தா வேலைக்காகாது. கூகுள் டாக்ஸ்ல வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கும், எந்த நாள் எந்த நேரம் எந்த பத்தி எழுதினீங்கனு அதுல தெரியும், கையால எழுதின குறிப்பு, பாதில விட்ட டிராஃப்ட், லைப்ரரில எடுத்த புக்கோட ரெக்கார்டு, இதெல்லாம் கொண்டு போய் வைங்க. பழைய டிராஃப்ட்டை குப்பைனு டெலீட் பண்ற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. அப்புறம் "நான் எழுதினதை அவன் காப்பி அடிச்சான், எனக்கு என்ன"னு நினைக்காதீங்க, ஃபைலை குடுத்தவனுக்கும் சேத்து ஜீரோ போடற எடம்தான் அதிகம்.

மன்னிப்பு கடிதம் பத்தி ஒரு வார்த்தை. "யார் மனசாவது புண்பட்டிருந்தால்"னு ஆரம்பிக்காதீங்க, அது மன்னிப்பு இல்ல, நழுவல். என்ன பண்ணேன், அதனால யாருக்கு என்ன ஆச்சு, சரி பண்ண இதுவரைக்கும் என்ன செஞ்சேன், மூணே விஷயம், ஒரு பக்கம். ஒரு தடவை காப்பி அடிச்ச கேஸ்ல ஒருத்தன் குடுத்த மன்னிப்பு கடிதமே நெட்ல இருந்து காப்பி, எடுத்த எடத்துல இருந்த வேற ஆளோட டிபார்ட்மென்ட் பேரைக்கூட மாத்தல. கமிட்டில ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாம தண்ணி குடிச்சாரு.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. "ஒரு கையெழுத்து போட்டுடு தம்பி, இதோட விட்டுடறோம்"னு யுனிவர்சிட்டி தரப்புல நட்பா சொல்லுவாங்க, நல்ல எண்ணத்துலயே கூட சொல்லலாம், ஆனா அந்த பேப்பர்ல "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்"னு இருக்கும், அது ஃபைலுக்குள்ள போயிடும், அடுத்த தடவை சின்னதா ஏதாவது நடந்தா "ஏற்கனவே ஒரு முறை"னு அதை எடுத்து வைப்பாங்க. ரெண்டாவது தப்புக்கு தண்டனை தன்னால ஒரு படி ஏறும். படிங்க, காப்பி கேளுங்க, ஒரு நாள் டைம் கேளுங்க.

சிபாரிசு புடிக்கறது, அப்பாவை கூட்டிட்டு போய் டீன் ரூம்ல சத்தம் போடறது, இதெல்லாம் ஒரு வரில முடிச்சிடறேன்: நான் இருந்த எந்த கேஸ்லயும் உதவினதா பாக்கல.

யுனிவர்சிட்டியும் தப்பு பண்ணும், அதை கவனிக்காம விடறதும் ஸ்டூடன்ட்டோட தப்புதான்னு சொல்லுவேன். புகார் குடுத்தவரே கமிட்டில உக்காந்திருக்காரா? ஆதாரத்தை உங்க கண்ணுல காட்டினாங்களா? ரூல்புக்ல இல்லாத தண்டனையா? யாரு பண்ணாங்கனு தெரியாம ஹாஸ்டல்ல மொத்த ஃப்ளோருக்கும் ஃபைனா? குற்றம் சாட்டப்பட்டவன் பேச்சை கேக்கணுங்கறது நேத்து வந்த சலுகை இல்ல. 1718ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லினு பெரிய அறிஞரோட பட்டங்களை அவரை விசாரிக்காமலே பிடுங்குச்சு, 1723ல கோர்ட் திருப்பி குடுக்க சொல்லுச்சு, அதுல ஒரு நீதிபதி சொன்னாரு, ஆதாம் தப்பு பண்ணப்ப கடவுளே அவனை கூப்பிட்டு கேட்டுட்டுதான் தண்டிச்சாருனு. அமெரிக்கால 1960ல இனப்பாகுபாட்டுக்கு எதிரா சாப்பாட்டு கவுன்டர்ல உக்காந்து போராடின அலபாமா ஸ்டேட் காலேஜ் ஸ்டூடன்ட்ஸை விசாரணையே இல்லாம வெளியேத்தினாங்க, அடுத்த வருஷம் டிக்ஸன் வழக்குல அப்பீல் கோர்ட் அரசு காலேஜ்னா நோட்டீஸும் பேச வாய்ப்பும் குடுத்தே ஆகணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. கமிட்டில குறை இருந்தா அங்கயே, விசாரணை நடக்கும்போதே, எழுத்துல சொல்லுங்க. அப்ப சும்மா இருந்துட்டு அப்பீல்ல சொன்னா "அன்னைக்கு ஏன் பேசல"னு கேப்பாங்க.

அப்பீல்னா திரும்ப முதல்ல இருந்து விசாரணைனு நினைச்சு அதே கதையை உணர்ச்சியா எழுதறவங்கதான் முக்காவாசி. அப்பீல்ல பொதுவா பாக்கறது மூணு: நடைமுறைல தப்பு நடந்துச்சா, அன்னைக்கு கிடைக்காத புது ஆதாரம் இப்ப வந்திருக்கா, தண்டனை தப்புக்கு மீறினதா. மூணாவதுக்கு நல்ல வழி, அதே மாதிரி தப்புக்கு அதே எடத்துல முன்னாடி என்ன குடுத்தாங்கனு தேடறது. அப்பீல் முடிவு வர்ற வரைக்கும் தண்டனையை நிறுத்தி வைக்க தனியா கேக்கணும், நெறைய எடத்துல தானா நிக்காது, இது தெரியாமலே பரீட்சையை விட்டவங்க இருக்காங்க.

சஸ்பென்ஷன்ல இருக்கும்போது ஃப்ரெண்ட் பர்த்டேன்னு கேம்பஸ்குள்ள போறது, அதுவும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறது, என்னனு சொல்ல. விசாரணை முடியற வரைக்கும்னு போடற இடைக்கால சஸ்பென்ஷன் தண்டனை இல்லைதான், ஆனா அதை மீறினா அது தனி கேஸ். ஸ்காலர்ஷிப்லயோ ஸ்டூடன்ட் விசாலயோ இருக்கறவங்க சஸ்பென்ஷன் ஆர்டர் வந்த அன்னைக்கே அந்த ஆபீஸ்லயும் கேட்டு தெளிவு பண்ணிக்கணும், அங்க தனி கெடு ஓட ஆரம்பிச்சிருக்கலாம்.

சிலபேர் டிசி வாங்கிட்டு போயிட்டா கேஸ் செத்துடும்னு நினைப்பாங்க. டிரான்ஸ்கிரிப்டை நிறுத்தி வைக்கலாம், பட்டம் வாங்கின அப்புறம்கூட திருப்பி எடுக்கலாம். ஜெர்மனில கல்வி அமைச்சரா இருந்த அன்னெட் ஷவான் 1980ல குடுத்த தீசிஸ்ல காப்பி இருந்துச்சுனு சொல்லி 2013ல ட்யூசல்டார்ஃப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தை ரத்து பண்ணுச்சு, பதவியும் போச்சு, நடுவுல 33 வருஷம்.

மேல்படிப்புக்கோ வேலைக்கோ ஃபார்ம் நிரப்பும்போது "உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதா"னு ஒரு கட்டம் வரலாம். வார்னிங் தானேன்னு "இல்லை"ல டிக் போடறதுக்கு முன்னாடி உங்க லெட்டரை எடுத்து பாருங்க, எத்தனை வருஷம் ரெக்கார்டுல இருக்கும்னு அதுலயே எழுதியிருக்கலாம். லெட்டர் தொலைஞ்சு போச்சுனா ரொம்ப கஷ்டம், அஞ்சு வருஷம் கழிச்சு போய் கேட்டா அந்த செக்ஷன்ல அப்ப இருந்தவர் ரிட்டயர் ஆகியிருப்பாரு, இப்ப இருக்கறவர் "எந்த கேஸ்?"னு உங்களையே கேப்பாரு.