ஸ்ப்ரே பாலிஷை பைக்கில் எங்கே அடிக்கக் கூடாது?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பைக் கழுவுவார்கள். ஒரு வருடம் அன்று பார்த்துத் தண்ணீர் வரவில்லை. கழுவாமலே ஸ்ப்ரே பாலிஷ் டப்பாவோடு உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் டேங்க் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது. மறுநாள் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள்.

தூசியில் இருக்கிற பொடி மணல் செய்த வேலை அது. துணியால் தேய்க்கத் தேய்க்க, மணல் பெயிண்டை உரசும். இந்த டப்பாக்களில் பளபளப்பைத் தருவது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெயும் மெழுகும்தான். லேசாகத் தூசி படிந்த பைக்குக்கு அது போதும். சேறு, மணல் இருந்தால் முதலில் தண்ணீர், ஷாம்பு, பிறகு ஈரம் துடைப்பது, கடைசியில்தான் பாலிஷ். துணி கீழே விழுந்தால் உதறிவிட்டுத் தொடர வேண்டாம், வேறு துணி எடுங்கள்.

கீறல் போகட்டும். அன்று என்னை நடுங்க வைத்தது முன் பிரேக். சக்கர ரிம் மின்ன வேண்டும் என்று அதன் மேலும் அடித்திருந்தேன். தெருமுனையில் பிரேக் பிடித்தால் பைக் பாட்டுக்குப் போகிறது. பின் பிரேக்கை மிதித்து எப்படியோ நிறுத்தினேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை, பேட் என்ற பிரேக் கட்டைகள் கவ்வி உரசினால்தான் வண்டி நிற்கும். ஸ்ப்ரே புகை மாதிரி பரவி டிஸ்க்கில் படிந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் மாற்றுவதுதான் சரி. உப்புத்தாளில் தேய்த்துத் தருகிறேன் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

டயரும் அப்படித்தான். காருக்கு டயரின் பக்கவாட்டில் பாலிஷ் போடுவதைப் பார்த்து பைக்குக்கும் போடுகிறோம். பைக் வளைவில் சாயும்போது டயரின் ஓரம்தான் தரையைப் பிடிக்கிறது. பாலிஷ் வழிந்து நிற்பதும் அதே ஓரத்தில்தான்.

சீட்டில் அடித்தால் பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் வழுக்குவீர்கள். பின்னால் புடவையோடு ஒரு பக்கமாக உட்காரும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் கிரிப், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் எதிலும் வேண்டாம். இந்த இடங்களில் பாலிஷ் படாமல் இருக்க ஒரே வழிதான்: பைக்கை விட்டுத் தள்ளி நின்று துணியில் அடித்துக்கொண்டு, துணியால் தேய்ப்பது.

ஓட்டி வந்த சூட்டோடு செய்யக் கூடாது. பல டப்பாக்களில் பாலிஷை வெளியே தள்ளும் வாயு எளிதில் தீப்பிடிக்கக் கூடியது. கொதிக்கிற சைலன்சர் பக்கம் அதற்கு வேலையில்லை. சூட்டில் பாலிஷ் காய்ந்து திட்டுத்திட்டாகக் கறையும் பிடிக்கும். எஞ்சின் ஆறியதும் நிழலில் நிறுத்திச் செய்யுங்கள்.

மேட் ஃபினிஷ் பைக் என்றால் சாதாரண பாலிஷ் பக்கமே போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்புதான் அந்த மங்கலான அழகைத் தருகிறது. மெழுகு அதை நிரப்பினால் அங்கங்கே பளபளக்கும், பார்க்கச் சகிக்காது. மேட் பெயிண்டுக்கு என்றே விற்பதை வாங்குங்கள். ஹெல்மெட் வைசருக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். பாலிஷில் இருக்கக்கூடிய சில கரைப்பான்கள் பட்டால் அந்த பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும்.

மறு பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது, சிலிக்கோன் பாலிஷ் போட்டு வந்ததை பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். அது சரியாகப் போகாமல் அடித்தால் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி குழி குழியாக நிற்கும்.

அப்புறம், பூஜைக்கு வைத்த சந்தனம் டேங்கில் காய்ந்து ஒட்டியிருக்கும். பாலிஷ் அடித்து நகத்தால் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வைத்தால் அதுவாக இளகி வந்துவிடும்.