ஊட்டி, கொடையில் ஹேபனேரியா: கிழங்கு நடுவது முதல் அடுத்த கிழங்கு எடுப்பது வரை

ஹேபனேரியா ரோடோகைலா மண்ணில் வளரும் ஆர்கிட். தென்சீனா, வியட்நாம், தாய்லாந்து, மலேசியா பக்கம் ஓடையோரப் பாறைகளில், பாசிக்கும் சருகுக்கும் நடுவே வளர்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என நிறம் செடிக்குச் செடி மாறும். மழைக்காலம் முடிந்ததும் இலையும் தண்டும் பட்டுப்போய், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கும். நம் மலைகளில் இது சாவதற்கு முதல் காரணம், தப்பான மாதத்தில் ஊற்றும் தண்ணீர். குளிரெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

தை, மாசி: கிழங்கு வாங்குதல்

உறங்கும் கிழங்காக வாங்குவது நல்லது. பார்க்கச் சின்ன சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு நுனியில் வெளிறிய சின்ன மொட்டு தெரியும், அதுதான் கண். கண் உடைந்திருந்தால் எவ்வளவு பெரிய கிழங்கானாலும் வேண்டாம். 2 செ.மீ.க்கும் குறைவான கிழங்கு முதல் வருடம் பெரும்பாலும் இலை மட்டும்தான் விடும்.

நர்சரியில் பில்லோடு வாங்குங்கள். சோலையோரப் புல்வெளியில் பூத்து நிற்கும் சாடிரியம் போன்ற காட்டு ஆர்கிட்டுகளைத் தோண்டி வருவது சட்டப்படி குற்றம். கொண்டுவந்தாலும் பிழைப்பது அரிது. அவற்றின் வேர் அங்குள்ள மண்பூஞ்சையைச் சார்ந்து வாழ்கிறது. அதைத் தொட்டியில் உருவாக்க முடியாது.

பங்குனி: நடவு

கண் உப்பத் தொடங்கியதும் நடலாம். ஒரு கிழங்குக்கு 10 முதல் 12 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கும். கலவை இது:

- கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 பங்கு
- நறுக்கிய ஸ்பேக்னம் பாசி 1 பங்கு
- பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளைக் கல்) 1 பங்கு
- பொடி மரப்பட்டைத் துண்டு 1 பங்கு

கோகோபீட்டை மூன்று முறையாவது ஊறவைத்துப் பிழிய வேண்டும். அதில் இருக்கும் உப்பு இந்த வேருக்கு ஆகாது. தோட்டத்துச் செம்மண்ணைக் கலக்கவே கூடாது. மழையில் இறுகி, காற்றுப் புகாமல் கிழங்கை அழுகவிடும்.

கண் மேலே பார்க்கும்படி நட்டு, அதற்கு மேல் 2 செ.மீ. கலவை போடுங்கள். எது தலை, எது கால் என்று தெரியாவிட்டால் படுக்கவைத்து நடுங்கள்; முளை தானே வழி தேடிக்கொள்ளும்.

பிறகு கலவை லேசாக நனையும் அளவுக்கு ஒரே ஒரு முறை தண்ணீர். பச்சை முளை மண்ணுக்கு மேல் எட்டிப் பார்க்கும்வரை அடுத்த தண்ணீர் கிடையாது. மூன்று வாரமோ ஆறு வாரமோ ஆகட்டும். உறங்கும் கிழங்குக்கு வேரே இல்லை. முளை எழும்பும்போதுதான் வேரும் விடும். அதுவரை ஊற்றும் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை, அழுகல்தான் மிச்சம்.

சித்திரை முதல் ஆடி வரை: வளர்ச்சி

முளை 3 செ.மீ. உயர்ந்ததும் தண்ணீரைக் கூட்டுங்கள். இனி கலவை முழுதாகக் காயக் கூடாது. மழைநீர் உத்தமம். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். காலையில், தொட்டி விளிம்போரமாக ஊற்றுங்கள். இலைக்குருத்தில் தேங்கும் தண்ணீர் மூடுபனி நாளில் மாலைவரை காயாது, குருத்து கறுத்துவிடும்.

19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை போதும். இலை நுனி பழுப்பானால் உப்பு கூடிவிட்டது என்று பொருள். உரத்தை நிறுத்தி, வெறும் மழைநீரால் தொட்டியை நன்றாகக் கழுவுங்கள்.

50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். பகலில் 20 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். குன்னூரில் இது சிரமமில்லை. ஊட்டியில் பாலித்தீன் கூரை தேவைப்படும். வெயில் காலத்தில் இலையடியில் செம்பேனும், மழைக் காலத்தில் ஓடில்லா நத்தையும் வரும். நத்தை ஒரே ராத்திரியில் பூந்தண்டைக் கடித்துத் துண்டாக்கிவிடும். டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் இன்றுவரை சிறந்த மருந்து.

ஆவணி, புரட்டாசி: பூ

இலைகளின் நடுவிலிருந்து தண்டு எழும்பும். மொட்டு தெரிந்ததும் உரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய மூங்கில் குச்சி ஊன்றுங்கள். குளிர்ந்த உயரங்களில் பூ ஐப்பசிக்குத் தள்ளிப்போகலாம். பூ உதிர்ந்தபின் தண்டை மட்டும் வெட்டுங்கள். இலையில் கைவைக்காதீர்கள். அடுத்த வருடத்துக் கிழங்கு அப்போதுதான் பருக்கிறது, அதற்குச் சோறு போடுவது அந்த இலைதான்.

ஐப்பசி, கார்த்திகை: தண்ணீரை நிறுத்துதல்

இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, பாதிக்கு மேல் மஞ்சளானதும் முழுதாக நிறுத்த வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். செடி ஈரம் வேண்டாம் என்று சொல்லும் அதே நேரத்தில் ஐப்பசி அடைமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கமும் வடகிழக்குப் பருவமழை பலமாகவே இருக்கும். கூடலூர் பக்கம் பெருமழை ஆனி, ஆடியிலேயே வந்துபோவதால் அவ்வளவு தொல்லையில்லை. எந்த ஊரானாலும், முதல் மஞ்சள் இலையைப் பார்த்த அன்றே தொட்டியைக் கூரைக்குள் கொண்டுபோங்கள். சாரலும் படக் கூடாது.

இலை பட்டுப்போனதைப் பார்த்துச் செடி செத்துவிட்டதென்று தொட்டியைக் கவிழ்ப்பவர்கள் நிறையப் பேர். பழைய கிழங்கு சுருங்கிச் சக்கையாகும், உண்மைதான். பக்கத்தில் புதுக் கிழங்கு இருக்கும்.

மார்கழி, தை: உறக்கம்

தொட்டியோடே 10 முதல் 15 டிகிரியில், வீட்டுக்குள் வையுங்கள். ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் ஜன்னலோரம் ஆபத்து. கணப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், வற்றிப்போகும். ஃப்ரிட்ஜ் இந்த வெப்பநாட்டுக் கிழங்குக்கு ஒத்துவராது. மாதம் ஒருமுறை விளிம்போரம் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டால் கிழங்கு சுருங்காது. தொட்டியில் பெயரும், "தண்ணீர் ஊற்றாதே" என்ற சீட்டும் ஒட்டிவிடுங்கள். காய்ந்த மண்ணைக் கண்டு வீட்டில் யாராவது கரிசனத்தோடு ஒரு செம்பு ஊற்றிவிடுவார்கள்.

மாசிக் கடைசியில் கலவையைக் கொட்டிக் கிழங்கை எடுத்து, சக்கையான பழையதை நீக்கி, புதுக் கலவையில் மறுபடி நடலாம். நன்றாக வளர்ந்த செடியில் சில சமயம் இரண்டு கிழங்கு கிடைக்கும். கண் இருக்கும் நுனியைத் தொடாமல் பிரித்து, சின்னதைத் தனித் தொட்டியில் வையுங்கள்.