அறுவை சிகிச்சைக்கு முந்தைய பறப்பு: தனியார் விமானி உரிமம் வைத்திருப்போருக்கான செய்முறை

குடலிறக்க அறுவைக்குத் தேதி குறித்த பிறகு, புதுச்சேரியில் இருந்தபடி நான் செய்துகொண்ட ஆயத்தங்களை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஓய்வுக்குப் போகுமுன் ஒருமுறை ஆசை தீரப் பறந்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் பறப்பு, திரும்பி வரும் நாளில் நம் திறனை அளந்து பார்க்க உதவும் பதிவாக அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: பறக்கலாமா என்பதை முடிவு செய்தல்

எனக்கு நெடுநாள் தெளிவாகாமல் இருந்த படி இதுவே. பறப்பை நிறுத்த வேண்டிய காலம் அறுவை நாளன்றுதான் தொடங்கும் என்பதில்லை; அதற்கு முன்பே தொடங்கிவிடலாம். தன் உடல்தகுதி குறைந்திருப்பதை அறிந்த விமானி, மருத்துவச் சான்றிதழில் காலம் மீதமிருந்தாலும் உரிமத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. திடீரென்று செயலிழக்கச் செய்யக்கூடிய குடலிறக்கம் இருந்தால் தகுதியில்லை என்றும் அதே விதித்தொகுப்பு கூறுகிறது. பக்கக்காற்றில் ரட்டர் பெடலை (விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் கால்மிதியை) அழுத்திப் பிடிக்கும்போதும், ஓடுதளத்தில் பிரேக்கை மிதிக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. வெளித்தள்ளிய குடல் அந்நேரத்தில் சிக்கிக்கொண்டால், தனியாக இருக்கும் விமானியால் வலியோடு விமானத்தை இறக்க முடியாமல் போகலாம்.

"வழக்கமான வேலைகளைச் செய்யலாம்" என்று அறுவை மருத்துவர் சொல்வது இதற்குப் போதாது, ஏனெனில் நம் வழக்கமான வேலை எது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) அங்கீகரித்த, தனியார் விமானிகளுக்கான இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்குரிய மருத்துவப் பரிசோதகரிடம் ஸ்கேன் அறிக்கையையும் மருந்துப் பட்டியலையும் கொண்டுபோய், காலால் எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கும் என்பதை வாய்விட்டு விளக்குங்கள். டிரமடால் போன்ற வலி மருந்துகள் மட்டுமல்ல, சளிக்குச் சாதாரணமாக விழுங்கும் செட்ரிசின்கூட உறக்கத்தைத் தரும். பரிசோதகர் வேண்டாம் என்றால், அடுத்த படியை விட்டுவிடுங்கள்.

படி 2: பதிவுப் பறப்பு

பயிற்றுநரே கேப்டனாக இருக்கட்டும். உங்கள் நோயை அவரிடம் முழுமையாகச் சொல்லிவிடுங்கள். கடற்காற்று வலுப்பதற்கு முந்தைய காலை நேரம் நல்லது. மேற்சொன்ன காரணத்தால் பக்கக்காற்றுத் தரையிறக்கத்தை இந்தப் பறப்பில் சேர்க்கவே வேண்டாம். மெதுவேகப் பறப்பு, ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) மீட்பு, இன்ஜின் நின்றதாகக் கொண்டு சறுக்கிறங்குதல், கோ-அரவுண்ட் (தரையிறங்காமல் மீண்டும் மேலேறுதல்), சில சாதாரணத் தரையிறக்கங்கள் ஆகியவை போதும். ஒவ்வொன்றிலும் உயரம் எவ்வளவு விலகியது, வேகம் எவ்வளவு தள்ளாடியது, சக்கரம் ஓடுதளத்தில் எங்கே தொட்டது என்பதைப் பயிற்றுநரைக் குறிக்கச் சொல்லுங்கள். செஸ்னா 172எஸ் விமானத்தின் முழு எடைக்கான சறுக்கு வேகம் 68 நாட். நீங்கள் பிடித்த வேகம் அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பது பிற்பாடு மிகவும் பயன்படும். பாதையை வரையும் செயலிகளைவிடக் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தையே நான் விரும்புகிறேன். பயிற்றுநரின் கண்ணில் பட்ட குறையைச் செயலி எழுதித் தராது.

படி 3: விமானத்தை நிறுத்திவைத்தல்

சொந்த விமானம் உள்ளவர்களுக்கு மட்டும். உப்புக்காற்று வீசும் நம் கடலோரத்தில், வாரம் ஒருமுறை தரையில் இன்ஜினை ஓட்டி நிறுத்துவது கெடுதலே செய்யும்; எண்ணெய் போதிய அளவு சூடாகாததால் அதில் சேர்ந்த ஈரம் ஆவியாகாது. வேறொரு தகுதியான விமானியைப் பறக்கச் சொல்லுங்கள், அல்லது தயாரிப்பாளரின் கையேட்டுப்படி, இன்ஜினைத் துருவிலிருந்து காக்கும் சேமிப்பு முறையைச் செய்யுங்கள்.

படி 4: திரும்புதல்

பரிசோதகர் தகுதி அளித்த பிறகே, அதே பயிற்றுநரோடு அதே பயிற்சிகளைச் செய்து நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். டோ-பாரை (தரையில் விமானத்தை நகர்த்த மாட்டும் கைத்தண்டை) பிடித்து விமானத்தை இழுப்பதும் வயிற்றுக்கு வேலைதான் என்பதால், சில காலம் அதைப் பிறரிடம் விடுங்கள். அறுவைக்கு நாள் குறிக்கும் உரிமை உங்களிடம் இருந்தால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையால் பறப்பு நாட்கள் எப்படியும் குறையும்.

பின்சேர்க்கை

விழித்திரை அறுவைக்கும் இதே முறை பொருந்துமா என்று கடலூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதில் கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்திருந்தால், பயணியாகக்கூட விமானத்தில் ஏறக் கூடாது. 5,000 அடி உயரத்தில் வாயு ஏறத்தாழ 20 சதவீதம் விரிவதால், கண்ணழுத்தம் கூடிப் பார்வையே போகக்கூடும். ஏற்காடும் ஏறக்குறைய அதே உயரம் என்பதால், குமிழி முழுவதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் உறுதி சொல்லும்வரை காரில் மலையேறுவதையும் தவிர்க்க வேண்டும்.