நிகோடின் கம்: 2 மில்லிகிராமா, 4 மில்லிகிராமா?

சிகரெட்டை விட்டுவிடலாம் என்று ஒரு வழியாக முடிவெடுத்து மெடிக்கல் ஷாப்பில் போய் நிகோடின் கம் (புகையிலையில் அடிமையாக்கும் பொருளான நிகோடினைக் கொஞ்சமாகத் தந்து சிகரெட் ஆசையைத் தணிக்கும் மெல்லும் மருந்து) கேட்டால், பெரும்பாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் 2 மி.கி. அட்டையை எடுத்து நீட்டுவார்கள். உங்களுக்கு அதுதான் சரி என்று யாரும் கணக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. இந்தியாவில் 2 மி.கி. கம்முக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை, 4 மி.கி.க்குத் தேவை, அதனால் கைக்குச் சுலபமாக வருவது 2. பலர் அதை இரண்டு நாள் மென்றுவிட்டு "இதெல்லாம் சும்மா, வேலைக்கே ஆகாது" என்று திரும்பவும் பெட்டிக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அளவு தப்பு, மீதிப் பேருக்கு மெல்லும் விதம் தப்பு என்பது என் கணிப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகையிலைப் பழக்கமே இல்லாதவருக்குச் சரியான அளவு பூஜ்ஜியம்தான். சும்மா ஒரு கிக்குக்காக, ராத்திரி முழித்துப் படிப்பதற்காக என்று ஆரம்பிப்பவர்களுக்கு இங்கே சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, அளவுக்கு வருவோம். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: காலையில் கண் விழித்ததிலிருந்து முதல் தம்முக்கு எவ்வளவு நேரம்? அரை மணி நேரத்துக்குள் என்றால் 4 மி.கி., அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடிந்தால் 2 மி.கி. ராத்திரி தூங்கும் நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் நிகோடின் வெகுவாக இறங்கிவிடும். விழித்தவுடன் உடம்பு எவ்வளவு அவசரமாக அதைத் திரும்பக் கேட்கிறது என்பதுதான் அடிமைத்தனத்தின் உண்மையான அளவு. பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே பற்றவைப்பவர் நாளைக்கு எட்டு சிகரெட்தான் பிடிக்கிறார் என்றாலும் அவருக்கு 2 போதாமல் போகலாம். நைட் ஷிஃப்ட் ஆட்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், மதியம் மூன்று மணிக்கு எழுந்தாலும் எழுந்த நேரத்திலிருந்துதான் கணக்கு.

பீடி பிடிப்பவர்கள் "பீடி சின்னதுதானே, எனக்கு 2 போதும்" என்று நினைப்பதுண்டு. பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது அணைந்து அணைந்து போவதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும், கடைசியில் உள்ளே போகும் நிகோடின் ஒன்றும் குறைவில்லை. எனவே அவர்களுக்கும் அதே அரை மணி நேரக் கேள்விதான். ஹான்ஸ், குட்கா போடுபவர்களும் இதே கேள்வியை வைத்து ஒரு தோராயமான முடிவுக்கு வரலாம். முதல் சிட்டிகை எப்போது, ராத்திரி வாயில் வைத்தபடியே தூங்கும் வழக்கம் உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால் கடையில் வாங்கிப் பரிசோதிப்பதை விட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போவது நல்லது. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத நிலை ஏதாவது இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்.

இன்னொரு வகை ஆட்கள் இருக்கிறார்கள். "சபரிமலைக்கு மாலை போட்டபோது ஒரு மண்டலம் தொடவே இல்லை, நான் அடிமையெல்லாம் இல்லை" என்பார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அந்த விரதத்தின் முதல் மூன்று நாள் எப்படிப் போனது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். எரிந்து விழுந்தது, தூக்கம் வராதது, எதிலும் மனம் ஒட்டாதது எல்லாம் அந்த நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். மலை இறங்கி மாலையைக் கழற்றிய எத்தனையாவது நிமிடத்தில் முதல் தம் என்பதும் ஒரு தகவல்தான்.

அட்டையில் போட்டிருக்கும் எண் கம்முக்குள் இருக்கும் நிகோடின், உங்களுக்குள் போகும் நிகோடின் இல்லை. 2 மி.கி. கம்மைச் சரியாக மென்றால் ஏறக்குறைய 1 மி.கி. ரத்தத்தில் சேரும், 4-இல் சுமார் 2. ஒரு சிகரெட்டில் உடம்புக்குக் கிடைப்பதும் 1 மி.கி.யோ கொஞ்சம் கூடவோதான். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. புகை நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும், கம்மிலிருந்து வாயின் உள்தோல் வழியாக ஏறி உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஆகவே சிகரெட் தரும் அந்த 'சுருக்' கிடைக்காது, அதை எதிர்பார்த்து 4-க்குத் தாவுவதில் அர்த்தமில்லை.

இப்போது மெல்லும் விதம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான், கம் என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லோரும் பபிள்கம் மாதிரி சவக் சவக்கென்று மென்று எச்சிலை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கிய நிகோடின் வயிற்றுக்குப் போனால் ஆசையைத் தணிக்காது, விக்கலும் குமட்டலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாகக் கடியுங்கள். பத்துப் பதினைந்து கடியில் மிளகைக் கடித்த மாதிரி ஒரு காரமும் நாக்கோரத்தில் ஒரு விறுவிறுப்பும் வரும். உடனே நிறுத்தி, கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். புகையிலை அடக்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒரு நிமிடம் போல ஆனதும் விறுவிறுப்பு அடங்கும், திரும்ப நாலைந்து கடி, திரும்ப ஒதுக்கல், இந்த முறை வேறு பக்கத்தில். அரை மணி நேரத்தில் காரம் வருவது நின்றுவிடும், துப்பிவிடலாம்.

அப்புறம் டீ. டீயும் தம்மும் சேர்ந்தே பழகியவர்கள் தம்முக்குப் பதில் கம் என்று டீ கிளாஸோடு போட்டுக்கொள்கிறார்கள், அதோடு அந்தக் கம் வீண். வாய் கொஞ்சம் காரத்தன்மையோடு (மிளகுக் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான தன்மை) இருந்தால்தான் நிகோடின் உள்ளே ஏறும், அதற்காகவே கம்மில் கார்பனேட் உப்பு சேர்த்திருக்கிறார்கள். காபி, கோலா, எலுமிச்சை ஜூஸ் எல்லாம் வாயைப் புளிப்பாக்கி அதைக் கெடுத்துவிடும், டீயையும் அந்தக் கணக்கிலேயே வையுங்கள். குடித்து 15 நிமிடம் கழித்துப் போடுங்கள், வாயில் கம் இருக்கும்போது தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் மனம் சிகரெட்டையே சுற்றுகிறது, எரிச்சல் அடங்கவில்லை என்றால் முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆரம்ப ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதாவது நாளைக்குக் குறைந்தது ஒன்பது கம்மாவது போக வேண்டும். நம் ஆட்கள் மூன்று போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்வார்கள். எண்ணிக்கையும் சரி என்றால் டாக்டரிடம் 4 மி.கி. பற்றிக் கேளுங்கள். காலையில் தோலில் ஒட்டி நாள் முழுக்க வைத்திருக்கும் நிகோடின் பேட்ச்சோடு, ஆசை கிளம்பும் நேரத்துக்கு மட்டும் கம் என்று சேர்த்துத் தருவதும் உண்டு, தனியாக ஒன்றை மட்டும் எடுப்பதைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது. எதிர்ப்பக்கம், தலை சுற்றல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, வாந்தி வருவது போல இருப்பது எல்லாம் அளவு கூடிப்போனதற்கான அடையாளம். உடனே துப்பிவிட்டு, அடுத்ததைத் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் 2-க்கு இறங்குங்கள்.

படபடப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சிகரெட் புகையில் இருக்கும் தார் வகைப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி காஃபினை வேகமாகக் கரைக்கவைக்கும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடுவதால், அதே நாலு காபி இப்போது ரத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நிற்கும். கை நடுங்குகிறது, தூக்கம் போச்சு என்று கம்மைத் திட்டுவதற்கு முன்னால் காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். வீசிங்குக்கு தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்களும் இதே காரணத்துக்காக டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் சிகரெட்டை நிறுத்த வேண்டும், மாத்திரை அளவை மாற்ற வேண்டிவரும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் யாரும் சொந்த முடிவில் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் டப்பாவில் கொண்டுவரும், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கும் அந்தச் சின்ன வெள்ளை நிகோடின் பை பற்றியும் கேட்கிறார்கள். அதில் 3, 6 மி.கி. என்று இருப்பதும் உண்டு, பத்துக்கு மேலே போவதும் உண்டு. கம்முக்கு இருப்பது போல வாரக்கணக்கில் குறைத்து நிறுத்தும் திட்டம் எதுவும் அதோடு வருவதில்லை. சிகரெட்டை விடுவதுதான் நோக்கம் என்றால் மருந்தாகச் சோதித்துப் பார்த்த கம்மே போதும்.

ஏழாவது வாரத்திலிருந்து இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, பத்தாவது வாரத்திலிருந்து நாலு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று இடைவெளியைக் கூட்டி, 12 வாரத்தில் நிறுத்துவது வழக்கமான கணக்கு. 4-இல் ஆரம்பித்தவர்கள் நடுவில் 2-க்கு இறங்கலாம். இடையில் தடுமாறினால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம், சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். மென்று துப்பிய கம்மில் இன்னும் பாதி நிகோடின் இருக்கும், வீட்டில் சின்னக் குழந்தையோ நாயோ இருந்தால் காகிதத்தில் சுருட்டி, மூடி போட்ட குப்பைத் தொட்டியில் போடுங்கள்.