கரிச்சானா, கரிச்சான் குயிலா? காட்டுக்குள்ள அடையாளம் பிடிக்கிறது எப்படி

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல கருப்பா, பளபளன்னு, வால் பிளந்து ஒரு பறவை உக்காந்திருந்தா உடனே கரிச்சான்னு (இரட்டைவால் குருவி இனம்) லிஸ்ட்ல ஏத்திடாதீங்க, குயில் குடும்பத்துல பொறந்துட்டு கரிச்சான் வேஷத்துல திரியுற கரிச்சான் குயிலாவும் அது இருக்கலாம். சுமார் 25 செ.மீ. சைஸ். வாலை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, நம்மள ஏமாத்துறதே அந்த வால்தான்.

1. முதல்ல காது. பைனாகுலரை அப்புறம் எடுத்துக்கலாம். கரிச்சான் குயில் கத்தினா அஞ்சாறு விசில் வரிசையா வரும், ஒவ்வொண்ணும் முந்தினதைவிட ஒரு படி மேல, ஏறிட்டே போய் சட்டுன்னு நின்னுடும், கொஞ்சம் கழிச்சு மறுபடி அடியிலேர்ந்து ஆரம்பிக்கும். இன்னொரு குயில் வகையான அக்காக்குயிலும் சுருதி ஏத்தித்தான் கத்தும், ஆனா அது மூணு மூணு அசையா உடைச்சுக் கத்துறதால குழப்பம் வராது. துடுப்புவால் கரிச்சான் மிமிக்ரில கில்லாடி, அதனால குரலை மட்டும் நம்பி டிக் அடிக்கவும் வேணாம்.

2. நடவடிக்கை. கரிச்சான் பறந்து போய் பூச்சியைக் காத்துலயே பிடிச்சிட்டு திரும்பும், காக்கா வந்தா விரட்டி விரட்டிக் கொத்தும். இந்தக் குயிலுக்கு அந்த ரவுடித்தனம் எல்லாம் கிடையாது, இலைக்குள்ள நிதானமா கம்பளிப்புழு பொறுக்கும், பழமும் தின்னும்.

3. அலகு. குயிலுக்கு ஒல்லியா, லேசா கீழ வளைஞ்சிருக்கும். கரிச்சானுக்குத் தடி அலகு, அடியில மீசை முடி வேற.

4. வாலுக்கு அடிப்பக்கம். என்னைக் கேட்டா இதுதான் பக்கா ஆதாரம். குயிலுக்கு வாலடி இறகுலயும் ஓரத்து வால் இறகோட அடியிலயும் குறுக்க வெள்ளை வரி ஓடும். உச்சிக் கிளைல உக்காரும்போது நாம கீழேர்ந்து பாக்குறதால இது வசதிதான், ஆனா பின்னாடி வானம் வெளிச்சமா இருந்தா எல்லாம் கருப்பு நிழலாத்தான் தெரியும், கேமராவுல எக்ஸ்போஷரை ப்ளஸ்ல வைங்க. இளசு இரட்டைவால் குருவிக்கும் (சாதா கருங்கரிச்சான்தான்) வயித்துல வெள்ளை இருக்கும், அது செதில் செதிலா கலைஞ்சு கிடக்கும், நேர் வரியா இருக்காது. கரிச்சான் குயிலுக்குப் பிடரில ஒரு சின்ன வெள்ளைத் திட்டு உண்டுன்னு சொல்வாங்க, உண்மைதான், பாதி நேரம் இறகுக்குள்ள மறைஞ்சிடும், அதைத் தேடிட்டு நிக்காதீங்க.

5. போட்டோ கிடைச்சா ஜூம் பண்ணி கால் பாருங்க. குயிலுக்கு ரெண்டு விரல் முன்னாடி, ரெண்டு பின்னாடி. கரிச்சானுக்கு மூணும் ஒண்ணும்.

இன்னொண்ணு, இந்தக் குயில் சிலம்பன் மாதிரி சின்னப் பறவைங்க கூட்டுலதான் முட்டை போடும். அதனால சின்னச் சிலம்பன் ஒண்ணு தன்னைவிடப் பெருசா, வெள்ளைப் புள்ளி தெளிச்ச கருப்புக் குஞ்சுக்கு இரை ஊட்டிட்டு இருந்தா அலகு, கால் எதையும் பாக்கவே வேணாம், அது கரிச்சான் குயில் குஞ்சுதான், கரிச்சான் தன் குஞ்சைத் தானேதான் வளக்கும்.