சக்கர நாற்காலியும் வரக்கூடிய ரயில் வரலாற்று நடை: ராயபுரத்தில் தொடங்குவது எப்படி?

நான் முதன்முதலில் ஏற்பாடு செய்த வரலாற்று நடையில் ஏழு இடங்கள் இருந்தன. சக்கர நாற்காலியில் வந்த தோழியை இரண்டாவது இடத்திலேயே நான்கு பேர் தூக்க வேண்டியதாகிவிட்டது. "அடுத்த தடவை வழியைப் பாத்துட்டுக் கூப்பிடு" என்றார். தப்பு முழுக்க என்னுடையது. அதிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். வடசென்னையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் பழைய ரயில் நிலையமோ ஆலையோ இருந்தால் இதே முறை அங்கும் பொருந்தும்.

1. ஒரே ஒரு இடம்

ராயபுரம் நிலையம் மட்டும் போதும். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு இதைத் திறந்துவைத்தார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஜூலை 1 அன்று இங்கிருந்து ராணிப்பேட்டை பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்டது. தூரம் சுமார் 100 கி.மீ. பம்பாயும் ஹௌராவும் இதற்கு முந்தியவைதான், ஆனால் அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. ராயபுரம் இன்னும் நிற்கிறது.

ஏன் ராயபுரம்? வந்தவர்கள் நிச்சயம் கேட்பார்கள். அப்போது சென்னையில் துறைமுகமே கட்டவில்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும், சரக்கை மசூலா படகுகள் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும். வணிகர்கள் இருந்த கருப்பர் நகரமும் (இன்றைய ஜார்ஜ் டவுன்) பக்கத்திலேயே. சரக்கு இறங்கும் கரையை ஒட்டி ரயிலும் வந்தது. பிறகு துறைமுகம் வளர்ந்து இடத்தைக் கேட்டபோது, 1907இல் முக்கிய முனையம் என்ற பெருமை சென்ட்ரலுக்குப் போனது. எந்தக் கடல் இந்த நிலையத்தை இங்கே வரவழைத்ததோ, அதுவே ஓரங்கட்டியும் விட்டது! இந்த ஒரு கதையை நிதானமாகச் சொல்ல அரை மணி நேரம் ஆகும்.

2. சக்கரத்தோடு ஒத்திகை

இந்த வேலையைத் தவிர்க்கவே முடியாது. ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, நண்பரை உட்காரவைத்து, நடை நடக்கப்போகும் அதே கிழமையில் அதே நேரத்தில் தள்ளிப்பாருங்கள். ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் தெருவில் திங்கள் மாலை லாரி நிற்கும். கையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் 90 செ.மீ. அகலம் இருந்தால் நிம்மதி. சாய்தளத்தில் ஓர் அடி ஏற்றத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது ஆபத்து. நிழல், உட்கார இடம், உள்ளே திரும்பக்கூடிய அளவுள்ள கழிப்பறை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை இல்லையென்றால் நடை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

3. அனுமதி

நடைமேடைக்குள் போக நடைமேடைச் சீட்டு வேண்டும். கூட்டமாகப் போவதாக இருந்தால் நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்டவாளத்தில் இறங்குவது சட்டப்படி குற்றம், படம் எடுக்கக்கூட இறங்க வேண்டாம்.

4. கையால் பார்க்க எதையாவது கண்டுபிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் ஊர் ரயில் நிலையங்களைச் சுற்றி வேலிக்கம்பமாகவும் கூரைக் காலாகவும் பழைய தண்டவாளத் துண்டுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல துண்டுகளின் பக்கவாட்டில் தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் மேடெழுத்தாக இருக்கும். ஆலையில் இரும்பை உருட்டும்போதே பதித்த எழுத்து அது. துருவையும் பெயின்டையும் மீறி விரலுக்குத் தட்டுப்படும். பார்வையற்ற ஒருவர் நடைக்கு வந்தால், ஆண்டை அவரே படித்துச் சொல்லட்டும். ஒத்திகைக்குப் போகும்போதே அப்படி ஒரு கம்பத்தைத் தேடிவைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இரும்பு சுடும் என்பதால் காலை எட்டு மணிக்குள் தொட்டுவிட வேண்டும்.

5. பெரம்பூர் வேறொரு நாளைக்கு

அங்கே ரயில் பணிமனை, 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, பின்னி மில் என்று மக்கள் சொல்லும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை என்று விஷயம் ஏராளம். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். திரு.வி.க.வும் அதில் முக்கியமானவர். ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது, அதனால் பார்ப்பதற்கு அதிகம் இல்லை, கேட்பதற்குத்தான் உண்டு. அங்கே வேலை பார்த்த பெரியவர் யாராவது கிடைத்தால் உங்கள் உரையைச் சுருக்கிக்கொண்டு அவருக்கு நாற்காலி போடுங்கள். "ஆலைச் சங்கு ஊதினா வீட்டுல என்ன நடக்கும்?" என்று கேட்டால் போதும், அப்புறம் அவரே பேசுவார்.

6. அறிவிப்பு

"அனைவரும் வரலாம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஒத்திகையில் கண்டதை அப்படியே எழுதுங்கள்: மொத்தம் எத்தனை மீட்டர், எத்தனை படி, படியின் உயரம் என்ன, கழிப்பறை எங்கே, ஆட்டோ எதுவரை வரும். இரண்டு படி இருந்தால் இரண்டு படி என்றே போடுங்கள். வருவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.